குழி இல்லாத குழாய்கள்

அது 2003-ஆம் வருடம். எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் கெடு வைத்திருந்த சமயம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நான் பஞ்சாயத்து கிளார்க்காக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏற்கெனவே எங்கள் தெருவில் என்னைக் கிண்டல் செய்வது குறையவில்லை.

எங்கள் தெரு மலைப் பக்கம் மேடாக ஆரம்பித்துச் சரிந்துகொண்டே போகும். சரிவு முடிகிற இடத்தில், ஏரிக்குச் சற்று முன்னால், பால்வாடி இருந்தது. புறம்போக்கு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று எந்தக் காலத்திலோ யாரோ அங்கே கட்டிவிட்டார்கள். மேலே இருக்கிற அத்தனை வீட்டு மாடித் தண்ணீரும் தெருவோடு இறங்கி வந்து அதன் வாசலில்தான் நிற்கும். மழை குறைந்துபோன வருடங்களில்கூட, ஒரு நல்ல மழை பெய்தால் பால்வாடிக்கு ஒரு வாரம் பூட்டுதான். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. கடலை பிடுங்கப் போகிற அம்மாக்களுக்கு அந்த வாரம் வேலையும் கிடையாது. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த மழைக்கும் தண்ணீர் புகுந்தால் பால்வாடியைப் பக்கத்து ஊர்க் கட்டடத்தோடு சேர்த்துவிடுவார்களாம். பக்கத்து ஊருக்குப் போக பஸ் ஓடும் ரோட்டைத் தாண்ட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகளை யார் தினமும் கூட்டிக்கொண்டு போவது? அந்தப் பால்வாடியை இழந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும்.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு பெண்மணி. விவசாயம் பார்க்கிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். கடிதத்தைப் படித்துக் காட்டியதும் ஒரே வரியில் வழி சொல்லிவிட்டார்.

"அவங்கவங்க வீட்டுத் தண்ணிய அவங்கவங்க வீட்லயே பூமியில எறக்கிட்டா, பால்வாடிக்கு ஏம்ப்பா தண்ணி போவுது? நீ நின்னு செஞ்சி முடி."

நான் சும்மாவே கொஞ்சம் ஆட்டம் போடுகிற ஆள். பொறுப்பு வேறு கொடுத்துவிட்டால் கேட்கவா வேண்டும்? ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். பால்வாடி வாசலில் எல்லோரையும் கூட்டி வைத்து, இடுப்பளவுக்குக் குழி, அதில் முதலில் உடைந்த செங்கல், அப்புறம் ஜல்லி, மேலே மணல் என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் எடுத்தேன். பால்வாடி டீச்சர் எனக்குச் சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து போகிறவர். "இந்த வருசமாவது எங்களுக்கு விடிவு காலம் வரட்டும் சார்" என்றார். வராமல் எங்கே போகும் என்று நான் மார்தட்டினேன்.

என் வீட்டில் என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் வீட்டு வாசல் முழுக்கச் சிமெண்ட் பூசி, மேலே சிவப்புச் சாயம் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். குழி தோண்டுவதென்றால் அதைத்தான் உடைக்க வேண்டும். குழாய் மாட்ட வந்தவர், "குழி எங்க சார்?" என்று கேட்டார். சுவர் ஓரமாக ஒரு சாண் அகலம் மட்டும் சிமெண்ட் பூசாமல் மண்ணாக விட்டிருந்தது. "இப்போதைக்கு இதுல செருகிட்டுப் போ, குழி அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். மாடியிலிருந்து இறங்கிய குழாயை அந்த ஒரு சாண் மண்ணில் செருகி, சுற்றிலும் சதுரமாகச் சிமெண்ட் பூசிவிட்டோம். பார்த்தால் உள்ளே பெரிய ஏற்பாடு இருப்பதுபோல்தான் தெரிந்தது.

நான் கரும்பலகையில் போட்ட படத்தை எங்கள் தெருவில் எத்தனை பேர் ஞாபகம் வைத்திருந்தார்களோ தெரியாது. என் வீட்டை மட்டும் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கிளார்க் வீட்டில் செய்ததுதானே சரியாக இருக்கும்? பத்தே நாளில் தெரு முழுக்க வெள்ளைக் குழாய்கள் இறங்கின. ஒவ்வொன்றின் காலடியிலும் அழகாக ஒரு சிமெண்ட் சதுரம்.

நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்க்கப் போனேன். மூன்றாவது வீட்டிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இடுப்பளவு குழி தோண்டினால் குறைந்தது ஒரு மாட்டுவண்டி மண்ணாவது வெளியே வரும். தெருவில் ஒரு வீட்டு வாசலிலும் மண் குவியல் இல்லை. கேட்டிருக்கலாம். எந்த வாயால் கேட்பது? ஒரு வீட்டுக்காரர் குழாயைத் தட்டிக் காட்டி, "அப்படியே உங்க வீட்டு மாதிரிதான் சார் போட்டிருக்கோம்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, 'பணி முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முழுத் தெருவுக்கும் போட்டேன். பட்டியல் ஒன்றிய அலுவலகத்துக்கும் போய்விட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் மழை வந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு மழையா என்று ஜன்னலருகே போய் நின்று சந்தோஷமாகத்தான் பார்த்தேன். மலையே மறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பால்வாடி ஞாபகம் வந்தது. அது பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கிற நேரம்.

குடைகூட எடுக்காமல் ஓடினேன். தெருவில் ஒவ்வொரு குழாயும் என்னைப் பார்த்துக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மண்ணை அரித்துக்கொண்டு, சிமெண்ட் சதுரத்தைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, மாடித் தண்ணீர் மொத்தமும் தெருவில்தான் ஓடியது. என் வீட்டுக் குழாய் கழன்று சாய்ந்து, அந்த வழவழப்பான வாசலில் பாய்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் போடாத வாசலாக இருந்திருந்தால் அதில் கொஞ்சமாவது மண் குடித்திருக்கும். என் வாசல் ஒரு சொட்டுக்கூட விடாமல் எல்லாவற்றையும் கீழே அனுப்பியது.

பால்வாடிக்குள் நுழைந்தபோது தண்ணீர் என் முழங்காலுக்கு வந்தது. எனக்கு முழங்கால் என்றால் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு மேல். பால்வாடியில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும், முதலில் என் மகளைத்தான் கண் தேடியது. அதற்கும் பிறகு வெட்கப்பட்டேன்.

உள்ளே பார்த்தால், பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்! டீச்சர் மேஜையையும் அரிசி மூட்டைகளையும் இழுத்து வரிசையாகச் சேர்த்து, அதன் மேல் எல்லோரையும் ஏற்றி உட்கார வைத்திருந்தார். அது பஸ்ஸாம். அவர் கண்டக்டர். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று, "யாரும் கீழ எறங்கக் கூடாது, ஸ்டாப்பிங் இன்னும் வரல" என்று ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முன்னால் டிரைவராக உட்கார்ந்திருந்தவள் என் மகள். "அப்பா, நீ டிக்கெட் எடு!" என்று அதட்டினாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாக்களும் அப்பாக்களும் ஓடி வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கடைசிப் பிள்ளையும் போன பிறகு டீச்சர் நனைந்த பாய்களைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "குழிங்க எல்லாம் ரொம்பிடுச்சி போல சார். மழை ஜாஸ்தி. நீங்களும் பாவம், எவ்ளோ அலைஞ்சீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இவ்வளவு நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை.

"குழியே இல்ல டீச்சர்" என்றேன். "எங்க வீட்லயே இல்ல. நான் போட்ட கையெழுத்து பொய்."

அவர் கையில் பாயோடு அப்படியே நின்றார். அப்புறம், "மொதல்ல தலைவரம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க சார். பால்வாடிய வேற ஊருக்கு மாத்திட்டாங்கன்னா இந்தப் புள்ளைங்க சோத்துக்கு எங்க போவும்?" என்றார். பாதிப் பாய்களைப் பிழிந்து என் கையில் கொடுத்துவிட்டு மீதியை அவர் எடுத்துக்கொண்டார்.

தலைவர் வீடு தெருவின் மேட்டு முனையில் இருந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"பின்னால போயி எங்க வீட்டுக் கொழாயப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். அதே வெள்ளைக் குழாய். அதே சதுரம், பெயர்ந்து கிடந்தது. அங்கேயும் குழி இல்லை.

"எம் பையன் உன் வீட்டப் பாத்துட்டு வந்துதான் போட்டான். மண்ணையே காணோமேன்னு அன்னிக்கே தோணுச்சி எனக்கு. உன்னக் கேட்டா எங்க வீட்டயும் நீ கேப்பியேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டேன்" என்றார். அப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமே இல்லை அது. ஆனாலும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "தண்ணி பூந்துச்சின்னு ஆபீசுக்கு நான் எழுதியே ஆவணும். பத்து நாள் தள்ளிப் போடறேன். அதுக்குள்ள செஞ்ச தப்ப சரி பண்ணிட்டு, ரெண்டையும் சேத்தே எழுதலாம். மொதல்ல நீ போயி அந்தப் பட்டியல திருப்பி வாங்கு."

மறுநாள் காலை ஒன்றிய அலுவலகம் போய், பட்டியலில் தவறு இருக்கிறது என்று கேட்டு வாங்கினேன். அங்கிருந்த அதிகாரி எல்லோர் எதிரிலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வாங்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தேன்.

"இன்னாங்க இது, இப்பதான பூசுனோம்!" என்று என் மனைவி ஓடி வந்தாள்.

"ஒடச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றேன். அவள் உள்ளே போய் மண் அள்ளக் கூடை எடுத்து வந்தாள்.

சிவப்புச் சிமெண்ட்டை நான் உடைக்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "நான் போட்டது குழி இல்லாத கொழாய். நீங்களும் அதத்தான் பாத்துப் போட்டிருக்கீங்க. தப்பு எம்மேலதான்" என்று வெட்டிக்கொண்டே சொன்னேன். அன்று குழாயைத் தட்டிக் காட்டிச் சிரித்த அந்த வீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "எங்களுக்கு மட்டும் தெரியாதா சார்? ஆபீசர் வந்தா காட்டறதுக்கு ஒண்ணு இருந்தா போதும்னுதான் நெனச்சோம். எம் பேத்தியும் நேத்து அந்த மூட்ட மேலதான் ஒக்காந்திருந்தா" என்றார். அவரே என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி நாலு போடு போட்டார். சாயங்காலம் அவர் வீட்டிலும் தோண்டுகிற சத்தம் கேட்டது.

அந்த வாரம் எங்கள் தெரு இருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நடக்கவே வழியில்லாமல் வாசலுக்கு வாசல் மண் குவியல். பழைய செங்கல்லுக்கும் உடைந்த ஓட்டுக்கும் அடிதடிதான். ஓரிரு வீட்டில் அடியில் பாறை தட்டிவிட்டது. அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழி வெட்டிக்கொண்டார்கள். வருடக் கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத ஒரு அண்ணன் தம்பிகூட இந்தச் சாக்கில் ஒரு குழியில் சேர்ந்தார்கள். இவ்வளவு மண்ணை என்ன செய்வது என்று யோசித்தபோது டீச்சர்தான் கேட்டார்: "எங்க வாசல்ல கொட்டுங்களேன் சார், கொஞ்சம் மேடாவும் இல்ல?" எல்லா வீட்டு மண்ணையும் வண்டியில் அள்ளிப் போய் பால்வாடி முன்னால் கொட்டி, திம்சுக்கட்டையால் இடித்து, முழங்கால் உயரத்துக்கு வாசலை மேடாக்கினோம். ஓரத்தில் வேப்பங்கன்றுகள் வைத்தோம்.

எட்டாவது நாள் மறுபடியும் மழை. அதே மத்தியான நேரம், போன தடவைக்குக் கொஞ்சமும் குறையாத மழை. இந்தத் தடவையும் குடை எடுக்க மறந்து ஓடினேன். தெருவில் தண்ணீர் ஓடத்தான் செய்தது. ஆனால் அது தெருவில் விழுந்த மழை மட்டும்தான், கணுக்காலைக்கூடத் தொடவில்லை. குழாய்களின் காலடியில் மணல் குமிழ் விட்டுக்கொண்டே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பால்வாடி மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் கொஞ்சத் தண்ணீரும் ஏரிப் பக்கம் போய்விட்டது.

மூச்சு வாங்க வாசலில் போய் நின்று, "டீச்சர்!" என்று கத்தினேன்.

அவர் அவசரமாக எழுந்து வந்து உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா சார். இப்பதான் தூங்குச்சிங்க."

எட்டிப் பார்த்தேன். காய்ந்த தரையில் பாய் விரித்து எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் வாயைத் திறந்தபடி குப்புறப் படுத்திருந்தாள். வெளியே அவ்வளவு மழை கொட்டுவது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மழை விடும்வரை நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். உள்ளே வரச் சொல்லி டீச்சர் கைகாட்டியும் நான் போகவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

தலைவரம்மா சொன்னபடியே இரண்டையும் சேர்த்து எழுதினார். அதிகாரி வந்து குழிகளைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். பால்வாடி எங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்கும் தொட்டிகளுக்கும் வேலை முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறக்கும் முன், இதை நம்பி ஒரு பிள்ளை தரையில் பாய் விரித்துப் படுக்கலாமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். ஆமாம் என்று மனசு சொன்னால்தான் என் கை நகர்கிறது.