சாட்சியில் விட்டுப்போன மாத்திரை

தங்கைக்குக் கிட்னி கொடுத்தவள் என்று எனக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. அவளுடைய இடது கண்ணைக் கெடுத்தவளும் நான்தான். அது ஊருக்குத் தெரியாது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்ததும், இரணியலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கே அவளை அழைத்து வந்துவிட்டேன். அவளுடைய வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். கிட்னி ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் மூன்றாம் மாதம் உதட்டில் கொப்புளம் வந்தது. சின்ன வயதிலும் காய்ச்சல் வந்தால் அவளுக்கு உதடு பொரியும், நாலு நாளில் காய்ந்துவிடும். அது போலத்தான் என்று நினைத்தேன். இது காயவில்லை. உதடு, ஈறு, நாக்கின் அடி என்று பரவி, கஞ்சித் தண்ணீரை விழுங்கவே அழுதாள். ஒருவழியாக ஆறினால் அடுத்த மாதம் மறுபடியும் வந்தது.

கிட்னி டாக்டர் மலையாளி. எங்களுக்காகத் தமிழில் பேசுவார். ஹெர்பிஸ் கிருமி என்றார். குழந்தைப் பருவத்திலேயே நுழைந்து நரம்பில் உறங்கிக்கொண்டிருக்குமாம். என் கிட்னியை அவள் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தின்கிறாளே, அந்தத் தைரியத்தில் எழுந்து வருகிறதாம். அந்த மாத்திரையை நிறுத்தினால் கிட்னி போய்விடும். அதனால் அசைக்ளோவிர் கொடுத்தார். புண் ஆறிய பிறகும் காலையும் மாலையும் தொடர்ந்து போட வேண்டும் என்றார். "நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. கண்ணுக்குப் போனா கஷ்டம்" என்று இரண்டு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

எங்கள் சபையில் திருவிருந்துத் திராட்சரசத்துக்கு ஒரே பாத்திரம். வரிசையாக முழங்காலிட்டு ஒவ்வொருவராக அதில் வாய் வைத்துக் குடிப்போம். அந்த வரிசையைப் பந்தி என்போம். உதட்டில் பொருக்கோடு அவள் முதல் பந்தியில் முழங்காலிட்ட ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு அடுத்திருந்த பெண் பாத்திரத்தில் வாய் வைக்காமலே எழுந்து போனாள். அந்த வாரமே போதகரின் மனைவி வீட்டுக்கு வந்தார்.

"நான் சொல்லல மக்கா, நாலு பேரு சொல்லுதாவ. சுகமாவது வரைக்கும் தங்கச்சி கடைசிப் பந்தியில வந்தா போரும்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. புண் இருக்கும்போது ஒரே டம்ளரில் குடிக்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அன்றைக்கு அவளை முழங்காலிட விட்டது என் தப்பு. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. எதிர்ப்புச் சக்தி இல்லை, வாயெல்லாம் புண், புருஷன் வெளிநாட்டில் என்று மூன்றையும் கூட்டி, இது 'அந்த நோய்' என்றார்கள். எய்ட்ஸ் என்று வாய்விட்டுச் சொல்லவும் தைரியமில்லாத சவங்கள். மீன் வாங்கப் போன இடத்தில் என் காதுபடவே பேசினார்கள். மீன் வாங்காமலே திரும்பினேன்.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதம் ஒரு கொப்புளம்கூட இல்லை. அப்படியே சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஆராதனையில் சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் சொல்ல, நேரம் கொடுப்பார்கள். பரீட்சை பாஸானதிலிருந்து விசா கிடைத்ததுவரை எழுந்து நின்று சொல்வார்கள். இவளும் சொல்ல வேண்டும், அத்தனை பேர் வாயும் அடைய வேண்டும் என்று நினைத்தேன்.

"எனக்குப் பேச வராதுக்கா, வேண்டாம்" என்றாள்.

"ஏட்டி, நான் எழுதித் தாறேன். நீ வாசிச்சா போரும்."

நான் டீச்சர். எழுதிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. ஜெபித்தோம், கர்த்தர் தொட்டார், புண் மாறியது என்று ஒரு பக்கம் எழுதினேன். மாத்திரையைப் பற்றி ஒரு வரி இல்லை. மறதியில் விட்டதல்ல. இன்னும் மாத்திரை தின்கிறாள் என்று தெரிந்தால் இன்னும் நோய் இருக்கிறது என்பார்களே என்று வேண்டுமென்றே விட்டேன். அவள் வாசித்தாள். போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த திருவிருந்தில் அவள் முதல் பந்தியில் முழங்காலிட்டாள். பக்கத்தில் நானும், என்னவோ கோட்டையைப் பிடித்துவிட்டது போல.

அடுத்த மாதம் அவளுடைய இடது கண் சிவந்தது. வெளிச்சம் குத்துகிறது, ஜன்னலைச் சாத்து என்றாள். தூசு விழுந்திருக்கும் என்று இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். மூன்றாம் நாள் எதற்கோ அவளுடைய மருந்துப் பெட்டியைத் திறந்தேன். அசைக்ளோவிர் அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தன.

"என்னட்டி இது?"

"சாட்சி சொல்லியாச்சில்லாக்கா. கர்த்தர் சுகமாக்கினாருன்னு அத்தன பேருக்க முன்னால வாசிச்சிட்டு, வீட்ல வந்து மாத்திரை தின்னா அது பொய்யாயிருமே."

கிட்னி மாத்திரைகளை மட்டும் ஒரு வேளை தவறாமல் தின்றிருந்தாள். சாட்சியில் கிட்னியைப் பற்றிப் பேச்சில்லையே. அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பெட்டிக்குள் அந்தச் சாட்சித் தாளும் மடித்து வைத்திருந்தது. அதில் இருந்தது என் கையெழுத்து.

கண் டாக்டர் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் கிளை கிளையாகப் புண் இருக்கிறது என்றார். சொட்டு மருந்தும் அசைக்ளோவிருமாக வாரக்கணக்கில் ஓடியது. புண் ஆறியது, தழும்பு பார்வைக்கு நேர் நடுவில் நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் அவளுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. விசுவாசம் குறைந்திருக்கும் என்று சபையில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு கிட்னி டாக்டரிடம் போனோம். அவர் கோபமாகத்தான் கேட்டார்.

"அத்தனை தடவை சொன்னேனே, ஏன் நிறுத்தினீங்க? யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?"

அவள் தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னை ஒரு முறை பார்த்தாள்.

"இல்ல டாக்டர். மறந்து போச்சு."

சாட்சி பொய்யாகிவிடக் கூடாதென்று மாத்திரையை நிறுத்தியவள் சொன்ன பொய் அது. எனக்காகச் சொன்னாள். அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"இவளுக்கு எப்பவும் மறதிதான் டாக்டர்" என்றேன்.