எண்ணெய் முதலில், அருவி பிறகு

எல்லாரும் மார்ச்சிலேயே தேறித் தொலைத்துவிட்டால் என்னைப் போன்ற டியூஷன் வாத்தியார் வீட்டில் அடுப்பு எரியாது.

அந்தக் காலத்தில் காலேஜின் முதல் படியான இண்டர்மீடியட் கணக்கில் கோட்டை விட்டவர்களுக்கு செப்டம்பரில் மறுபடி ஒரு பரீட்சை உண்டு. நடுவில் குற்றாலத்தில் சாரல். சூடேறிய தலை அருவியில் நின்றால் குளிர்ந்துபோய்க் கணக்கு ஏறும் என்று வசதியுள்ளவர்கள் நம்பினார்கள். பையன்களுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்துக் கொடுத்துவிட்டு, தென்காசியிலிருந்து என்னை வரவழைப்பார்கள். நானும் ஆனி, ஆடி முழுக்கக் குதிரை வண்டியில் நனைந்துகொண்டே போய்வருவேன். கணக்கில் அடி வாங்கிய அன்பர்களே, உங்களுக்கு ஏதாவது வாத்தியார் மேல் இன்னும் கோபம் இருந்தால், நாங்களும் பட்டிருக்கிறோம் என்று தெரிந்து மனசை ஆற்றிக்கொள்ளுங்கள்.

விடை மாறிப்போச்சு

ஆய்க்குடி இசக்கிமுத்துவை அவனுடைய தாய்மாமன்தான் என்னிடம் கொண்டுவந்து விட்டார். நல்ல பையன். செய்கிற வேலையில் மட்டும் அவசரம். மாமன் மகள் செண்பகம் அவனுக்கு முறைப்பெண். செப்டம்பரில் தேறினால் தை மாதம் கல்யாணம். தேறாவிட்டால் திருநெல்வேலியில் ஒரு வக்கீல் வீட்டு வரன் காத்திருக்கிறது. இதை அவனே விரல்விட்டு எண்ணிச் சொன்னான். எனக்கும் அன்றிலிருந்தே கவலை. பாடம் என் கையில், பெண் மாமன் கையில் அல்லவா?

அன்றைய பாடம், ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன். இப்போது 'சார்பு' என்று அழகாகச் சொல்கிறார்கள். ஓர் எண்ணை உள்ளே போட்டால் வேறொன்றாக்கி வெளியே தரும், அவ்வளவுதான். இரண்டு சார்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறும். "ஏலே, எண்ணெய் தேய்க்கிறது ஒரு சார்பு, அருவியில நிக்கிறது இன்னொண்ணு. எதை முதல்ல செய்யணும்?" என்று கேட்டேன். மறுநாள் காலை இசக்கிமுத்து முதலில் அருவியில் குளித்துவிட்டு, அதன்பின் தலையிலிருந்து கால்வரை எண்ணெயைப் பூசிக்கொண்டு பாடத்துக்கு வந்து நின்றான். உட்கார்ந்த பெஞ்சிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தான். என் அல்ஜீப்ரா புத்தகத்தைத் தொட்டான். முன்பக்கத்துக் கணக்கு பின்பக்கத்தில் தெரிந்தது. நான் கத்துவதற்குள் முந்திக்கொண்டு சொன்னான்:

"நீங்க சொன்னது நெசந்தான் சார், விடை மாறிப்போச்சு!"

செங்கோட்டையில் இறங்கியவன்

அந்த வருஷம் கடையநல்லூர் ஜவுளிக்கடை வீட்டு மைதீனும் என்னிடம் படித்தான். தினமும் ரயிலில் தென்காசிக்கு வருவான். அங்கிருந்து இருவரும் ஒரே குதிரை வண்டியில் குற்றாலம் போவோம். ஒருநாள் ரயில் வந்தது, அவன் வரவில்லை. தூங்கிப்போய்ச் செங்கோட்டையில் இறங்கியிருக்கிறான். வண்டிக்காரர் என்னைத் திட்ட, நான் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் வந்து சேர்ந்தவனை வைத்தே பாடம் நடத்திவிட்டேன். உள்ளே இருக்கும் சார்பு கொடுப்பதை வெளியே இருப்பது வாங்கிக்கொள்ளத் தோதாக இருக்க வேண்டும். வர்க்கமூலம் எடுக்கிற சார்பிடம் மைனஸ் எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது கையை விரித்துவிடும். ரயில் உன்னைச் செங்கோட்டையில் விட்டால், தென்காசியில் நிற்கிற வண்டி என்னடா செய்யும் என்று கேட்டேன். மைதீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்:

"வண்டி சும்மா நின்னதுக்கு அவரு ஏசுதாரு, நான் சும்மா தூங்கினதுக்கு நீங்க ஏசுதிய, ரயிலை மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கிய!"

மாமனின் வரிசை

ஆடியில் மாமன் மேற்பார்வைக்கு வந்தார். "என்ன சொல்லிக்குடுக்கிய?" என்றார். இரண்டு சார்புகளை வெறுமனே கூட்டினால் எதை முன்னால் எழுதினாலும் ஒன்றுதான். ஒன்றுக்குள் ஒன்றை வைத்தால்தான் வரிசை முக்கியம் என்றேன். மனுஷர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அதான் நானும் சொல்லுதேன் வாத்தியாரய்யா, பாஸ் முதல்ல, தாலி பொறவு, வரிசை மாறப்பிடாது!"

பரீட்சை

செப்டம்பர் பரீட்சை எழுதிவிட்டு இசக்கிமுத்து நேரே என் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பாவி, அந்தக் கணக்கே வந்திருக்கிறது. உள்ளே மூன்றைக் கழிக்க வேண்டும். வருவதை வெளியே வர்க்கப்படுத்த வேண்டும். பையன் அவசரத்தில் வர்க்கத்தை முதலில் போட்டுவிட்டுப் பிறகு மூன்றைக் கழித்திருக்கிறான். அந்த விடையை நம்பித் தொடர்ந்ததெல்லாம் போயிற்று. தேறமாட்டான் என்று இருவருக்குமே தெரிந்துபோனது. அவன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எண்ணெய் தேய்க்காமலே அருவிக்குள்ள போயிட்டேன் சார்."

செண்பகம்

தேறவில்லை என்று ரிசல்ட் வந்த கையோடு, வக்கீல் வீட்டுக்காரர்கள் தட்டோடு வருவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை வாயே திறக்காத செண்பகம் அப்போதுதான் அப்பாவின் முன்னால் வந்து நின்றாளாம். "அவுக பாஸ் பண்ணாத்தான் தருவேன்னு சொன்னது நீங்க. பாஸ் பண்ணாத்தான் கட்டுவேன்னு நான் சொல்லலியே!" மாமன் குதித்தார், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார். மகள் மூன்றாவது வேளையும் தன் சோற்றைத் தொடாமல் மூடி வைத்துவிட்டாள். கடைசியில், மார்ச்சில் பாஸ் பண்ணவைப்பது தன் பொறுப்பு என்று அவள் கையடித்துச் சொன்ன பிறகு அவர் இறங்கிவந்தார். தையில் கல்யாணம். நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கும்போதும் மார்ச்சை நினைத்துப் பயம்.

அடுத்த ஆனியில், சாரல் தொடங்கிய வாரம், இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கையில் மங்குஸ்தான் பழம். தேறிவிட்டான் என்று சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்ற பெண், மாசி பூராவும் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தப்புப் பண்ணும்போதெல்லாம் "உள்ள இருக்கதை முதல்ல பாருங்க" என்று கையைத் தட்டிவிட்டிருக்கிறாள். தட்டித் தட்டி அவளுக்கே கணக்கு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க நான் ஒரு கணக்குச் சொன்னேன். இசக்கிமுத்து வாயைத் திறக்கும்முன் அவள் விடை சொன்னாள்.

"பரவாயில்லையே அம்மா, உங்க அப்பா சொன்ன வரிசை மாறினாலும் காரியம் நடந்துவிட்டதே" என்றேன். அவள் விடவில்லை.

"ரெண்டு விடையும் ஒண்ணா சார்வாள்? பாஸ் பண்ணிட்டுக் கட்டியிருந்தா அவுக மட்டுந்தான் பாஸு, இப்போ நானும்லா பாஸு!"

வரிசையை மாற்றினால் விடை மாறும் என்று தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்துவிட்ட எனக்கு, மாறின விடை முதல் விடையைவிட நன்றாகவும் இருக்கலாம் என்று ஒரு வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.