மேரக்காய்க் கொடி

கோயம்புத்தூரிலிருந்து குன்னூர் வந்த எங்களுக்கு அது முதல் உறைபனி. வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவினால் செடி பிழைக்குமென்று விதைக்கடையில் சொல்லியிருந்தார்கள். மேரக்காய் என்று இங்கே சொல்லும் சௌசௌக் கொடியைக் காப்பாற்ற, நெஞ்சு வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டே என் கணவர் எழுந்தார்.

"ஒரு கொடி போனாப் போகுதுங்க, படுங்க" என்று கத்தினேன். கேட்டால்தானே? பந்தலடியிலேயே விழுந்து செத்தார். பாதி நனைந்த கொடி அன்றைய வெயிலில் கருகியது. கருகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோடைமழை பெய்ததும் அடியிலிருந்து துளிர்கள் கிளம்பின. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று சிரித்தார்.

"பாரு கண்ணு, பொழச்சுக்கிச்சு! பனியில கருகுனாலும் மேரக்காய்க்கு வேர் சாகாது. வருசாவருசம் தானா வந்துரும்."

"அப்பறம் எதுக்குங்கக்கா அவரு எந்திரிச்சுப் போனாரு?"