குதிரைக் கூப்பாடு

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நம் கோயில் ஒரு காலத்தில் கோட்டையாகவும் இருந்தது, மதிலுக்குள் படை நின்றது, ஒன்றன்பின் ஒன்றாக முற்றுகை நடந்தது என்று ஒருநாள் எட்டாம் வகுப்பில் சொன்னேன். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண் எழுந்து, "சண்டையில என்னான்னு கத்துனாங்க டீச்சர்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. யார் ஜெயித்தார்கள், யாரிடமிருந்து யார் பிடித்தார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு முற்றுகை நாடகம் என்று முடிவானது. ஒத்திகையில் பெண்கள் அட்டை வாளைத் தூக்கி "ஜெய்! ஜெய்!" என்று கத்தினார்கள். சினிமாவில் பார்த்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் அவர்கள் போடுகிற கூச்சலில் பாதிகூட இல்லை.

"கூச்சலுக்கு இசைத்தட்டு போட்டுடலாம். பொம்பளப் பிள்ளைங்க தொண்டைக்கு இது வராது" என்றார் தலைமையாசிரியை.

எனக்கு ரோஷம் வந்தது. கல்லூரித் தமிழ் விரிவுரையாளர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். போர்க்கூச்சலுக்குப் பழைய பாட்டுகளில் வரும் 'ஆர்ப்பு' என்ற சொல்லைத் தந்தார்; அது எப்படி ஒலித்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரில் கூத்து ஆடுகிற ஒருவர், ஓடு அதிர ஒரு முழக்கம் போட்டுக் காட்டிவிட்டுத் தானே சிரித்தார். "இது மேடைக்குங்க. நெஜ சண்டையில இவ்ளோ மூச்ச எவன் செலவு பண்ணுவான்?"

நான் அலைவதைக் கேள்விப்பட்டு, கேள்வி கேட்ட அதே பெண் வந்தாள். "எங்கம்மா பன்னி ஓட்டுறப்ப ஒண்ணு கத்துவாங்க. வந்து கேக்குறீங்களா டீச்சர்?"

சனிக்கிழமை காலை போனேன். மலைக்குப் பின்புறம் அவர்களுடைய மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்ட நிலம். காட்டுப்பன்றி வந்து செடியைக் கிளறிவிட்டுப் போயிருந்தது. அவள் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்று கூப்பிட்டார். அடிவயிற்றில் தொடங்கி நீளமாக ஏறி, உச்சியில் சட்டென்று அறுந்தது. அறுந்த இடத்தில் அடுத்த கொல்லையிலிருந்து ஒரு பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து அடுத்தவள். மலையைச் சுற்றிக்கொண்டு சத்தம் போய்க்கொண்டே இருந்தது.

"இதுக்குப் பேர் இருக்குதுங்களா?"

"குதிரக் கூப்பாடுன்னு சொல்லுவோம்."

"பன்னிய வெரட்டுறதுக்கு ஏன் குதிரைன்னு பேரு?"

அவர் யோசித்தார். "இன்னாவோ தெரியல டீச்சரம்மா. அப்படித்தான் சொல்றது. இங்க எவன் கொல்லையில குதிர வந்து மேயுது?"

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். குதிரைப்படைகள் இந்த வழியாக வந்து விளைச்சலை வாரிக்கொண்டு போனதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான்.

எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன். கத்தினேன்; தொண்டை கிழிந்தது. அவர் சிரித்தபடி என் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "எதிரிய ஏன் மெரட்டுறீங்க? பக்கத்துக் கொல்லக்காரிய கூப்புடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன், நீ ஓடாதன்னு."

ஏழெட்டு முறை தோற்றேன். அதற்கடுத்த முறை, முகம்கூடத் தெரியாத தூரத்திலிருந்து ஒருத்தி எனக்குப் பதில் கொடுத்தாள். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

விழா அன்று பிற்பகல் மைதானம் நிறைந்திருந்தது. பெண்களை மேடையில் கூட்டமாக நிறுத்தாமல் மைதானத்தின் நான்கு மூலைகளுக்கும் பிரித்து அனுப்பியிருந்தேன். முற்றுகைக் காட்சி வந்ததும் முதல் மூலை கூப்பிட்டது. அறுந்தது. இரண்டாவது மூலை பிடித்தது. கூட்டத்தில் கசகசப்பு அடங்கியது. நான்காவது மூலை முடித்தபோது, யாரும் சொல்லிக்கொடுக்காதது ஒன்று நடந்தது. மகள்களைப் பார்க்க வந்து பின்வரிசையில் நின்றிருந்த அடி அண்ணாமலைப் பெண்கள், இடுப்பில் குழந்தையோடு, தங்களை அறியாமலே பதில் கொடுத்துவிட்டார்கள். இருபது முப்பது பேர், ஒரே மூச்சில்! கொடுத்துவிட்டு வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. தலைமையாசிரியை என் பக்கம் குனிந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவ செய்யச் சொல்லும்மா."

முற்றுகைக் காலத்தில் கேட்டது இதே சத்தம்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு கல்வெட்டும் கிடையாது. அன்றைக்கு அந்த மைதானத்தில் யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. விழா முடிந்து செங்கம் ரோடு நெடுக என் பெண்கள் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸும் கையுமாக வெளியே வந்து பார்த்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தின் நடுவில் நடந்தேன். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முடிந்த மட்டும் கூப்பிட்டேன்.