தோரணம் கட்டிய கயிறு

ஆயுத பூசை அன்றைக்கு மட்டும்தான் அப்பா வேலை பார்த்த சிமெண்ட் ஆலைக்குள் எங்களை விடுவார்கள். இரண்டாம் வகுப்புப் படித்த வருஷம், பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி நானும் போனேன். அங்கே மரங்கள்கூட பவுடர் பூசிக்கொண்டு நின்றன. சுண்ணாம்புக்கல் சுமக்கும் பெல்ட், அன்று கல்லில்லாமல், சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தது. அதன் ஓரமாக நெடுகச் சிவப்புக் கயிறு ஒன்று போனது. யாருக்காவது ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும், பெல்ட் நின்றுவிடும் என்று அப்பா சொன்னார்.

சித்தப்பாவுக்கும் அங்கேதான் வேலை. அலங்காரம் என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, மாவிலைத் தோரணத்தைக் கொண்டுபோய் அந்தக் கயிற்றிலேயே கட்டிவிட்டார். பூசை முடிந்து வெள்ளோட்டம் விட்டபோது, தோரணத்தின் கனம் கயிற்றை இழுத்து பெல்ட் இரண்டு தரம் நின்றது. நல்ல நேரத்தில் நின்றால் வருஷம் முழுக்க நிற்கும் என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். தோரணத்தை அவிழ்க்கச் சித்தப்பாவுக்கு மனசில்லை. கயிற்று முனையில் இருந்த சுவிட்சை, கயிறு இழுபட்டாலும் அசையாதபடி கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஒருநாள்தானே என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

பெல்ட் ஓடியது. சாமந்தி இதழ்கள் வாய்க்காலில் போவதுபோல அதன்மேல் போயின. எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி சுகமாக இருந்தது. இதழ்களோடு நானும் நடந்தேன். கோடியில், சரிந்த மாலையை எடுக்கச் சித்தப்பா குனிந்தார். பெல்ட்டைச் சுற்றும் உருளை முதலில் அவருடைய துண்டை இழுத்தது. பிறகு கையை.

நான் கயிற்றை இழுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். மாவிலைகள்தான் உதிர்ந்தன. அப்பா ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது.

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து சித்தப்பா வலது கை இல்லாமல் வந்தார். எல்லோரும் பார்த்துப் போகும்வரை காத்திருந்து அவர் பக்கத்தில் போனேன்.

"எனக்குத் தெம்பு பத்தல சித்தப்பா. அதான் பெல்ட்டு நிக்கல."

அவர் இடது கையால் என் தலையைத் தடவினார். "நீ சரியாத்தான் இழுத்த, பாப்பா."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் அழக் கூடாது என்றுதான் சித்தப்பா பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் அம்மாவிடம் கூடுதலாக ஒரு பிடி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.