கோவில் வாசலில் முட்டிபோட்டவர்

உபதேசியார் சவரிமுத்து இறந்துபோனார் என்று மணியடிக்கும் கோவில்பிள்ளை வந்து சொன்னபோது, மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "குடிச்சிட்டு எங்கனா வுழுந்தாரா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல வாத்தியாரே, காய்ச்சல்ல போய்ட்டாரு" என்றான். வில்லியனூரில் அவரை அறிந்த நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடக்கத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் பேசியதைக் கேட்டீர்களே! "உத்தம ஊழியர்", "விசுவாசத்தின் தூண்". உயிரோடிருந்தவரை, எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியவர்கள். அந்தப் பொய்யை நான் சொல்லமாட்டேன். அவர் குடிகாரர். பயந்தாங்கொள்ளி. மாடு முட்ட வந்தால் ஜெபமாலையை அதன்மேல் எறிந்துவிட்டு ஓடியவர். சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை முள்முடிபோல் பின்னிய வைக்கோல் முடி தலையிலும் மெழுகுவர்த்தி கையிலுமாகக் கோவில் வாசலில் முட்டிபோட்டிருப்பார். குடித்துப் பிடிபட்டவனுக்குக் கோவில் பாதிரியான பெரிய சாமியார் இடும் ஆக்கினை அது.

ஒருமுறை பூசைக்கு உள்ளே போகையில், "வெட்கமா இல்லியா ஐயா?" என்று கேட்டேன்.

"இருக்குது வாத்தியாரே. அதுக்காவ ஆண்டவரு வேற ஆளு வெச்சிருக்காரா? ஒங்களக் கூப்ட்டாரு, நீங்க வரல. அதான் நானு."

என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன், வாந்திபேதி வந்த கோடையில், ஆற்றுக்கு அக்கரை மிராசுதாரின் தாயார் சாகக் கிடக்கிறாள், ஜெபம் சொல்ல யாராவது வாருங்கள் என்று ஆள் வந்தது. பெரிய சாமியார் புதுச்சேரிக்குப் போயிருந்தார். முதலில் என்னைத்தான் கேட்டார்கள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன். பள்ளிக்கூடத்தை மூடி மூன்று நாள் ஆகியிருந்தது. உபதேசியார் தைரியத்துக்குச் சாராயக்கடையில் ஏறி இறங்கி, தீர்த்தக் குப்பியோடு உச்சிவெயிலில் கிளம்பினார். மிராசுதார் வீட்டுக்கு அவர் போய்ச் சேரவே இல்லை.

மூன்று நாள் கழித்து வந்து, "வழி தப்பிப்போச்சு" என்றார். பிறந்ததிலிருந்து நடந்த ஆற்றங்கரையில் வழி தப்பிற்றாம்! கிழவி எப்படியோ பிழைத்துக்கொண்டாள். ஆனாலும் நான் விடவில்லை. பெரிய சாமியாருக்குப் புகார்க் கடிதம் எழுதியவன் நான்தான், முத்து முத்தான கையெழுத்தில். நான்கு ஞாயிறு வாசலில் முட்டி போட்டார். நான்கு ஞாயிறும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போனேன். "காலு எங்கியோ இட்டுனு போச்சு வாத்தியாரே, நான் பின்னாலியே போனேன்" என்றார் ஒருநாள். குடிகாரன் பேச்சு என்று சிரித்தேன்.

நேற்று குழி மூடியபின் ஒரு பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை. என் தங்கை தெரேசம்மாள்! இந்துக் குடியானவரைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனதற்காக, செத்தாலும் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று நான் தள்ளிவைத்தவள்.

"நீ இன்னா இங்க?" என்றேன்.

"அந்த வாந்திபேதியில எங்கூட்டுக்காரரு காலைல போய்ட்டாருண்ணா. நானும் கைக்கொழந்தையும் கெடந்தோம். பயத்துல ஒருத்தரும் வாசப்பக்கம் வரல. மத்தியானம் இவரு தள்ளாடிக்கினே வந்து, 'மிராசுதாரு வூடு இதானா?'ன்னாரு. எங்களப் பாத்துட்டு அங்கியே ஒக்காந்துட்டாரு. மூணு நாளு கஞ்சி ஊத்துனாரு, பீத்துணி அலசுனாரு. கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்தாரு. போவும்போது, 'ஒங்கண்ணங்கிட்ட சொல்லட்டுமா?'ன்னாரு. நாந்தான் வேணாம்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நான்கு ஞாயிறும் அவருக்கு இல்லை. சொல்லவில்லை, மனுஷன்.

அவர் குடிகாரர் என்பதை இப்போதும் மாற்றிச் சொல்லமாட்டேன். தள்ளாடாத கால் இரண்டு எனக்கு இருந்தன. அவை வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தூ! அந்தக் கால்களைக் கூப்பிட்டு ஆண்டவர் என்ன செய்வார்?

அவருடையது என்று நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: வாசலில் அவர் முட்டிபோட்ட இடம். வருகிற ஞாயிறு வைக்கோல் முடியோடு அங்கே இருப்பேன். பெரியவர்களே, மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போங்கள். உங்கள் பின்னால் என் தங்கையும் அவள் மகளும் வருவார்கள். அவர்களுக்கு வழி விடுங்கள்.