மதுரையில் சுஷி உருட்டிய கதை

ஜப்பான்காரர்களின் சோற்றுப் பலகாரமான சுஷியைச் செய்கிறவனுக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. அவர் முகம் மாறினால் ஓடி ஒளிய இடமே கிடையாது. ஹோட்டல் வேலையில் குப்பை கொட்டும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா? சென்னையில் ஆறு வருஷம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, சொந்த ஊராயிற்றே என்று மதுரைக்கு வந்தேன். முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்: "சித்திரைத் திருவிழா வரைக்கும் பாப்பேன். சனம் சேரலைன்னா உன் கவுன்டரை எடுத்துட்டுப் பரோட்டாக் கல்லைப் போட்டுருவேன்." பரோட்டா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் ஆறு வருஷ வித்தை வீணாகிவிடுமே!

பச்சைத் துவையல்

ஆரப்பாளையத்திலிருந்து இரண்டு நண்பர்கள் வந்து, படத்தைக் காட்டி நிகிரி கேட்டார்கள். விரல் நீளத்துக்குப் பிடித்த சோறு, அதன்மேல் ஒரு துண்டு மீன், அதுதான் நிகிரி. தட்டின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு வசாபி வைத்தேன். பார்க்கப் புதினாத் துவையல் மாதிரி பச்சையாக இருக்கும். ஆனால் அதன் காரம் நாக்கை விட்டுவிட்டு நேரே மூக்குக்கு ஏறும். நான் சொல்வதற்குள் ஒருவர் மொத்தத்தையும் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கண் சிவந்து, மூச்சு நின்று, மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு வாய் திறந்தார்: "ஒரு வாரமா அடைச்சிருந்த சளி போயிருச்சுடா மாப்ள! அண்ணே, இன்னும் கொஞ்சம் வைங்க."

அடுப்பு எங்கே?

சஷிமியில் சோறே கிடையாது. மீனைப் பச்சையாகச் சீவி அடுக்குவதோடு வேலை முடிந்தது. சமயநல்லூரிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர், எல்லா வகையும் பார்த்துவிடுவது என்று அதையும் கேட்டார். தட்டை வைத்ததும் அவர் மனைவி எழுந்து, கவுன்டருக்குள் எட்டி இடமும் வலமும் தேடினார். "அடுப்பு இல்லீங்கம்மா" என்றேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பயந்தேன், வந்ததோ இரக்கம். "கேஸ் தீந்துபோச்சா தம்பி? பக்கத்துல வீடு இருந்தா நானே பொரிச்சுக் கொண்டாந்துருவேன்."

கறுப்புத் தாள்

வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று சைவ மாக்கி கேட்டது. வெள்ளரியும் கேரட்டும் வைத்து, சோற்றைக் கடல்பாசித் தாளில் சுருட்டி வெட்டுவது மாக்கி. அந்தத் தாள் சாப்பிடுவதற்குத்தான். ஆனால் இலையில் பொதிந்து வந்ததைப் பிரித்துச் சாப்பிட்டே பழகிய அந்த அம்மா, ஒவ்வொரு துண்டாக உரித்துத் தாளை ஓரத்தில் அடுக்கினார். சோற்றைத் தனியே சேர்த்துத் தயிர் வாங்கி ஊற்றிப் பிசைந்து, குழந்தைக்கு ஊட்டியும் விட்டார். அரை மணி நேரம் அளவு பார்த்துச் சுருட்டியவன் நான். போகும்போது சொன்னார்: "சாதம் குழைவா நல்லா இருந்துச்சு. கட்டுறதுக்கு எதுக்கு இம்புட்டுத் தாளை வீணாக்குறீங்க?"

வாழை இலை

திருவிழாவுக்கு முந்தைய வாரம் முதலாளியின் மாமனாருக்கு மணிவிழா. காலையில் கோயிலில் மனைவிக்கு மறுபடி தாலி கட்டிவிட்டு, மத்தியானம் சொந்தபந்தத்தோடு சாப்பிட வந்தார். "மாமா வாயில நல்லா இருக்குன்னு வந்தா உன் கவுன்டர் தப்பிச்சுது" என்றார் முதலாளி. ஊர் வழக்கப்படி பரிமாறினால் யாரும் மிரள மாட்டார்கள் என்று எனக்கு ஒரு ஞானோதயம். வாழை இலை போட்டேன். தெமாரி என்று ஒரு வகை உண்டு. சோற்றை உருண்டையாகப் பிடிப்பது. வெள்ளை வெளேரென்று மூன்று உருண்டை பிடித்து, அழகுக்குக் கறுப்பு எள் தூவி, மாமனார் இலையில் வைத்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

அவர் மனைவி புதுத் தாலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இலை, எள், மூன்று உருண்டை. பிண்டம்! என் அப்பாவுக்கு நானே இந்தக் கையால் பிடித்து வைத்தவன்தான். மணிவிழா நாளில் ஒரு மனிதருக்கு உயிரோடு திதி கொடுத்துவிட்டேன். முதலாளி பார்த்த பார்வையிலேயே பரோட்டாக் கல் சூடேறிவிட்டது.

மாமனார் ஒரு உருண்டையை எடுத்தார். "வேணாம்!" என்று எல்லாரும் கத்துவதற்குள் வாயில் போட்டு மென்றார். இரண்டாவதையும் எடுத்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்: "நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இந்தத் தம்பியை அனுப்பிராதீங்க. எனக்கு நெசமா வைக்கிற அன்னைக்கும் இவரையே பிடிக்கச் சொல்லுங்க, காக்கா உடனே வந்துரும்."

கவுன்டர் பிழைத்தது, ஆனால் ஆறு வருஷம் சோறு உருட்டச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட, எங்கே உருட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லவே இல்லை.